வாங்குகிற அரசு வேண்டும்: மணிமுத்தாறு வாசகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மணிமுத்தாறு வாசகருக்கு,

பெருங்கால் வாய்க்கால் பாசனத்தில் கொஞ்சம் அம்பை 16 நெல், ஒரு ஏக்கர் ஏத்தன் வாழை, கிணற்றடியில் கத்தரியும் வெண்டையும் சீனி அவரையும் என்று உங்கள் வயல் முழுவதையும் கடிதத்தில் காட்டிவிட்டீர்கள். முடிக்கும்போது ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "அரசாங்கம் விக்கிறதுக்கு இடம் தருது, தராசு தருது, அட்டை தருது. வாங்குறது யாருன்னுதான் தெரியல." மற்ற கேள்விகளை விட்டுவிட்டு அந்த வரிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். ஏனென்றால் மற்றதெல்லாம் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.

முதலில் உழவர் சந்தை. உங்கள் மைத்துனர் "அது நமக்கு ஒத்துவராது" என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதிக்குத்தான் அவர் சொல்வது சரி. 1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணா நகரில் முதல் உழவர் சந்தையை அன்றைய முதல்வர் கருணாநிதி திறந்து வைத்தார். அதற்கு முன்பே 1987-ல் பஞ்சாபில் 'அப்னி மண்டி' வந்திருந்தது. அதே 1999-ன் தொடக்கத்தில் ஆந்திரத்தில் 'ரைத்து பஜார்' வந்தது. மூன்றுக்கும் எண்ணம் ஒன்றுதான்: விளைவித்தவரும் சமைக்கிறவரும் நேருக்கு நேர் நிற்கட்டும், நடுவில் யாரும் வேண்டாம். கடைக்கு வாடகை இல்லை, கமிஷன் இல்லை, தராசு சந்தையிலேயே கிடைக்கும். மொத்த விலைக்கு மேலாகவும் வெளிக்கடையின் சில்லறை விலைக்குக் கீழாகவும் ஒரு விலையை அன்றன்று காலையில் பலகையில் எழுதிப்போடுவார்கள். விற்பவருக்கும் லாபம், வாங்குபவருக்கும் லாபம். பாளையங்கோட்டை மகாராஜநகர் சந்தைக்கு ஒரு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். இந்த ஏற்பாடு எத்தனை குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது என்பது கண்ணாலேயே தெரியும். ஆட்சி மாறும்போதெல்லாம் கவனிப்பாரில்லாமல் போய், பிறகு மீண்டும் உயிர்பெற்று, கால் நூற்றாண்டைத் தாண்டி அது நிற்கிறது. மக்கள் கைவிடாததால்தான் நிற்கிறது.

ஆகவே உங்கள் கத்தரிக்கும் வெண்டைக்கும் உழவர் சந்தை அட்டை வாங்குங்கள். அம்பாசமுத்திரம் உங்களுக்குப் பக்கம். நிலம் உங்களுடையது என்பதற்கும் அதில் அந்தப் பயிர் நிற்கிறது என்பதற்கும் சான்று கேட்பார்கள், கொடுங்கள். அலைச்சல் இருக்கும். ஆனால் அந்தச் சான்று இல்லாவிட்டால் வியாபாரிகளே விவசாயி வேடத்தில் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். பல சந்தைகளில் நடந்திருக்கிறது. அந்த விதி உங்களைக் காப்பதற்காக உள்ள விதி.

இனி மைத்துனர் சரியாகச் சொன்ன பாதி. உழவர் சந்தை கூடையில் வரும் பொருளுக்கான இடம். இரண்டு கூடை கத்தரி, பத்துக் கட்டு கீரை, ஒரு சாக்கு தேங்காய் என்றால் காலை பத்து மணிக்குள் விற்றுத் தீர்ந்துவிடும். தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் உயிர் கூடையில் இல்லை. அது நெல்லிலும் வாழையிலும் இருக்கிறது. இரண்டுமே சேர்ந்தாற்போல வருகிற பயிர். ஒரு ஏக்கர் ஏத்தன் என்றால் ஆயிரம் வாழைக்குப் பக்கம். அத்தனையும் சில வாரங்களுக்குள் வெட்டியாக வேண்டும். வெட்டிய தார் காத்திருக்காது. அரைக் கிலோ வாங்க வருகிறவர்களிடம் ஆயிரம் தாரை எப்படி விற்பது? அதனால்தான் கமிஷன் மண்டி. மண்டிக்காரரை வில்லனாக்கிப் பேசுவது எளிது. நான் அதைச் செய்ய மாட்டேன். நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் முன்பணம் கொடுப்பவர் அவர்தான். கன்று வாங்க, மண் அணைக்க, கம்பு ஊன்ற என்று ஒவ்வொன்றுக்கும் கை கொடுப்பவரும் அவர்தான். அந்த முன்பணத்தால்தான் உங்கள் தார் வேறு யாரிடமும் போக முடியாமல் அவரிடமே போகிறது. கமிஷன், ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, லாரி வாடகை எல்லாம் கழித்து அவர் சொல்வதுதான் விலை. கேரளத்தில் ஓணத்துக்கு முன்னால் ஏத்தன் விலை ஏறும், ஓணம் முடிந்ததும் இறங்கும். நட்ட நாளில் அந்த விலையை யாராலும் சொல்ல முடியாது. உங்கள் கோபம் அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். விலை குறைவு என்பதைவிட, முன்கூட்டித் தெரியாது என்பதுதான் விவசாயியைத் தின்கிறது.

அரசு இதை நேற்று இன்று கண்டுபிடிக்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1933-லேயே வணிகப் பயிர்ச் சந்தைகளுக்குச் சட்டம் வந்தது. 1936-ல் பருத்திக்காகத் திருப்பூரில் முதல் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வந்தது. தரகர்கள் துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசிய காலம் அது. பொருளின் சொந்தக்காரர் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பார், தன் பொருளுக்கு என்ன விலை பேசப்படுகிறது என்று அவருக்கே தெரியாது. அந்தத் துண்டை விலக்கி ஏலத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததுதான் அந்தச் சட்டம் செய்த பெரிய காரியம். இன்று விற்பனைக்கூடத்தில் விற்பவரிடம் கட்டணம் கிடையாது, வாங்குகிறவர்தான் கட்டுகிறார். நெல்லையோ உளுந்தையோ அங்கே இருப்பு வைத்து, மதிப்பில் முக்கால் பங்கு வரை குறைந்த வட்டிக்குப் பொருளீட்டுக் கடனும் வாங்கலாம். அறுப்பு முடிந்த கையோடு கடனுக்குப் பயந்து அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிடாமல் சில மாதம் பொறுக்க இது உதவும். நம் பக்கத்தில் இதைப் பயன்படுத்துகிறவர்கள் மிகக் குறைவு. நீங்களாவது அம்பை விற்பனைக்கூடத்தில் போய் விசாரியுங்கள்.

இவையெல்லாம் விற்க இடம் தரும் ஏற்பாடுகள். நீங்கள் கேட்டது வாங்க ஆள். அப்படி ஒரு ஆளாக அரசே வந்து நிற்கும் இடம் ஒன்று உங்கள் வயலிலேயே இருக்கிறது. நெல்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்தைப் பற்றி நீங்கள் குறை எழுதியிருந்தீர்கள். பிசானப் பருவத்து அறுப்பு தொடங்கிவிடும், நிலையம் திறந்திருக்காது. திறந்தால் சாக்கு இருக்காது. சாக்கு இருந்தால் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பிவிடுவார்கள். களத்தில் கொட்டிய நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடிக்கொண்டு ராத்திரி காவல் கிடக்க வேண்டும். அத்தனையும் உண்மை, அத்தனையும் திருத்தப்பட வேண்டும். ஆனாலும் ஒரு விஷயத்தை எண்ணிப் பாருங்கள். 2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையோடு சேர்த்து குவிண்டாலுக்குப் பொது ரகம் 2,500 ரூபாய், சன்ன ரகம் 2,545 ரூபாய் என்று முன்கூட்டியே அறிவித்தார்கள். அறுப்புக்கு முன்பே விலை தெரியும். வாங்கும் ஆளும் தெரியும். நிலையம் வேலை செய்யும் வருஷத்தில் தனியார் வியாபாரியும் அந்த விலையை ஒட்டித்தான் கேட்கிறார். நிலையம் திறக்கத் தாமதமானால் களத்துக்கு வரும் வியாபாரியின் குரலே மாறிவிடுகிறது. உங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். அரசு எல்லா நெல்லையும் வாங்க வேண்டும் என்பதில்லை. வாங்கத் தயாராக வாசலில் நின்றாலே விலைக்கு ஒரு தரை கிடைத்துவிடுகிறது.

இதில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-ல் தொடங்கியது. அங்கே உருவாகி 1986-ல் வெளிவந்ததுதான் உங்கள் வயலில் நிற்கும் அம்பை 16. குட்டையான, குண்டான அரிசி. இட்லிக்கு அதைத் தேடி வாங்குகிற வீடுகள் நம் ஜில்லாவிலும் வெளியிலும் ஏராளம். கொள்முதல் கணக்கில் அரிசியின் நீள அகலத்தைப் பார்த்துத்தான் ரகம் பிரிக்கிறார்கள். அதனால் அம்பை 16 'பொது ரகம்' ஆகிவிடுகிறது, 2025-26 பருவத்தில் குவிண்டாலுக்கு 45 ரூபாய் குறைவு. அரசின் ஆராய்ச்சி நிலையமே இந்த மண்ணுக்கென்று கண்டுபிடித்துக் கொடுத்த நெல் அது, விலை குறைத்து வாங்குவதும் அரசின் கிடங்குதான். இட்லி அரிசி என்று தனியாகப் பிரித்து, தனி விலை போட்டு, அமுதம் அங்காடிகளிலும் கூட்டுறவு பண்டக சாலைகளிலும் ஊர்ப்பெயரோடு விற்றால் வாங்க ஆள் வரமாட்டார்களா?

நெல்லில் நடப்பது மற்றப் பயிர்களில் ஏன் நடக்கக் கூடாது என்பதுதான் என் பேச்சின் சாரம். நடக்க முடியும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது. 2023-ல் தருமபுரி, நீலகிரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதிலாக அட்டைக்கு 2 கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கான கேழ்வரகைத் தருமபுரி, கிருஷ்ணகிரி விவசாயிகளிடமே ஆதரவு விலைக்கு வாங்க ஏற்பாடு செய்தார்கள். அந்த மண்ணில் விளைவதை அந்த மண்ணின் மக்களே உண்பதற்கு அரசு நடுவில் நின்று வாங்கியது. புதுச் சந்தை எதையும் கட்டவில்லை. ரேஷன் கடைதான் சந்தை.

இன்னொரு கதவும் திறந்தே இருக்கிறது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு ஆகஸ்டில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. வாரத்தில் இரண்டு நாளாவது உள்ளூரில் விளையும் சிறுதானியத்தில் சமைக்க வேண்டும் என்று திட்டத்தின் அரசாணையிலேயே இருக்கிறது. 'உள்ளூரில் விளையும்' என்ற எண்ணம் அரசின் தாளில் ஏறிவிட்டது. அதைச் சாம்பாரில் போடும் காய்க்கும், மதிய உணவில் போடும் கத்தரிக்கும் முருங்கைக்கும் நீட்டினால் என்ன?

பிரேசில் இதைச் செய்து காட்டியிருக்கிறது. பள்ளிச் சாப்பாட்டுக்காக மத்திய அரசு கொடுக்கும் பணத்தில் குறைந்தது 30 சதவீதத்துக்குச் சிறு குடும்ப விவசாயிகளிடமிருந்து வாங்க வேண்டும் என்று 2009-ல் அங்கே சட்டமே போட்டார்கள். குறைந்த விலை சொல்பவருக்கே ஒப்பந்தம் என்ற வழக்கத்தை அந்தப் பங்குக்கு மட்டும் தளர்த்தி, அந்த வட்டாரத்துச் சந்தை விலையில் வாங்கலாம் என்று வழி வைத்தார்கள். விதியில் செய்த மாற்றம் சிறியதுதான். ஆனால் நாடு முழுக்கச் சிறு விவசாயிகளுக்கு வருஷம் தவறாத ஒரு வாடிக்கையாளர் கிடைத்துவிட்டார். நம்முடைய மதிய உணவுத் திட்டம் நாட்டுக்கு வழி காட்டியது. வாங்கும் முறையில் நாம் அவர்களிடம் கற்றுக்கொண்டால் குறைந்துபோக மாட்டோம்.

உங்கள் ஊருக்கே வருகிறேன். மணிமுத்தாற்றில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் இரண்டு அணிகள் இருக்கின்றன, 9-ம் அணியும் 12-ம் அணியும். எத்தனை பேர் அங்கே தினமும் சாப்பிடுகிறார்கள்! அதற்கப்பால் பள்ளிக்கூடங்கள், மாணவர் விடுதிகள், அம்பை அரசு மருத்துவமனை. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால் பாளையங்கோட்டையில் மத்திய சிறை, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. இத்தனை இடத்திலும் அரசுப் பணத்தில் அடுப்பு எரிகிறது. நோயாளிக்கும் மாணவருக்கும் கைதிக்கும் காவலருக்கும் வேண்டிய பழமும் காயும் அரிசியும் இந்தப் பள்ளத்தாக்கில் விளைகிறது. இந்தச் சமையல்கட்டுகள் தங்கள் தேவையில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் இருபது, முப்பது கிலோமீட்டர் சுற்றளவில் இருக்கும் விவசாயிகள் குழுவிடம், நடவுக்கு முன்பே பேசிய விலையில் வாங்கட்டும். உங்கள் கேள்விக்கு என்னிடம் உள்ள பதில் இதுதான். வாங்கும் ஆள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார். அவரை உங்கள் பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவே.

அணையைச் சுற்றிப் பார்க்கவும் அருவியில் குளிக்கவும் வரும் கூட்டத்துக்கு ஒரு விற்பனைக் குடில் போடலாம் என்று எழுதியிருந்தீர்கள். நல்லதுதான், போடுங்கள். ஆனால் அது விடுமுறை நாள் வருமானம். அதை நம்பி வாழை நட முடியாது.

பக்கத்தில் விளைவதைப் பக்கத்திலேயே வாங்குவது விவசாயிக்கு மட்டும் நல்லது என்று நினைக்க வேண்டாம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் வெள்ளத்தை நாம் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. சாலைகள் அறுந்தன, லாரி எதுவும் வரவில்லை. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு சிக்கி நின்றபோது பக்கத்துக் கிராமத்து ஜனங்கள்தான் சமைத்துக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து உதவி போய்ச் சேரும் வரை பயணிகளின் பசியைத் தாங்கியது அந்த ஊரின் சமையல். ஒரு ஜில்லா தன் வயிற்றுக்கு வேண்டியதில் ஒரு பங்கையாவது தன் எல்லைக்குள் வைத்திருப்பது பெருமைக்காக இல்லை, பாதுகாப்புக்காக.

தடைகள் இருக்கின்றன. பெரிய தடை பணம் வரும் நாள். மண்டியில் தார் இறங்கினால் பணம் கைக்கு வந்துவிடும். அரசு அலுவலகத்தில் பில் போட்டால் எப்போது பாஸாகும் என்று யாருக்கும் தெரியாது. மூன்று மாதம் கழித்து வரும் நல்ல விலையைவிட இன்றைக்கு வரும் சுமாரான விலைதான் ஏழை விவசாயிக்கு வேண்டும். பொருள் கொடுத்த ஒரு வாரத்துக்குள் வங்கிக் கணக்கில் பணம் ஏற வேண்டும். அந்த நிபந்தனை இல்லாத எந்தத் திட்டத்தையும் நான் நம்ப மாட்டேன், நீங்களும் நம்பாதீர்கள். இரண்டாவது தடை, தனி ஆளிடம் எந்த விடுதியும் வாங்காது. இன்றைக்கு வெண்டை கொடுத்துவிட்டு நாளைக்கு இல்லை என்று சொன்னால் அங்கே சமையல் நின்றுவிடும். பத்து, இருபது பேர் முறைவைத்து நட வேண்டும். உங்கள் வாழை இந்த மாதம், பக்கத்து வயல் வாழை அடுத்த மாதம் என்று கன்று வைக்கும் நாளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பால் கூட்டுறவுச் சங்கம் பல ஊர்களில் இதைத்தான் செய்கிறது. ஒரு மாடு வைத்திருப்பவரின் ஒரு லிட்டரையும் வாங்கி, தரம் பார்த்து, கணக்கில் வைத்து, ஆவினுக்கு அனுப்புகிறது. பாலுக்கு முடிந்தது வெண்டைக்கு முடியும்.

இதற்கென்றே உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் வந்திருக்கின்றன. நாடு முழுக்க 10,000 நிறுவனங்கள் என்ற மத்தியத் திட்டம் 2020 பிப்ரவரி 29 அன்று தொடங்கியது. சமவெளியில் 300 விவசாயிகள் சேர்ந்தால் ஒரு நிறுவனம். முதல் மூன்று ஆண்டுகளுக்கு நிர்வாகச் செலவுக்காக 18 லட்ச ரூபாய் வரை உதவி, விவசாயி போடும் பங்குத் தொகைக்குச் சமமாக 2,000 ரூபாய் வரை மானியம். நோக்கம் நல்ல நோக்கம். ஆனால் நிறுவனம் பதிவாகி, அலுவலகம் திறந்து, தலைமை அதிகாரி சம்பளம் வாங்கி, மூன்று வருஷம் முடிந்த பிறகும் வாங்க ஆள் இல்லையென்றால் அது உரக்கடையாக முடிந்துவிடும். வாங்குபவரை முதலில் காட்டுங்கள், விவசாயிகள் தாமாகவே சேர்வார்கள் என்றுதான் நான் அதிகாரிகளிடம் சொல்வேன்.

அண்டை மாநிலத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 நவம்பர் 1 அன்று கேரள அரசு 16 காய்கனி, கிழங்குப் பயிர்களுக்கு அடிப்படை விலை வைத்தது. சாகுபடிச் செலவின் மேல் 20 சதவீதம் சேர்த்துக் கணக்கிட்டார்கள். நேந்திரனுக்குக் கிலோ 30 ரூபாய். உங்கள் ஏத்தனும் அந்த நேந்திரனும் ஒன்றுதான். ஒரே பழம், மலைக்கு அந்தப் பக்கம் விளைந்தால் அதற்கு ஒரு தரை உண்டு, இந்தப் பக்கம் விளைந்தால் இல்லை. அதே கேரளத்தில் 2021 கடைசியில் காய்கறி விலை ஏறியபோது, அவர்களுடைய அரசு நிறுவனமான ஹோர்ட்டிகார்ப் தென்காசிப் பக்கத்து விவசாயக் குழுக்களிடம் நேரடியாக வாங்க ஒப்பந்தத்துக்கு வந்தது. அடுத்த மாநிலத்து அரசு நம் விவசாயியைத் தேடி மலை தாண்டி வருகிறது. நம் அரசின் சமையல்கட்டுகள் அருகிலேயே இருக்கின்றன.

2021 ஆகஸ்ட் 14 முதல் தமிழகத்தில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை வருகிறது. ரேஷன் கடைகளில் பனைவெல்லம் விற்கும் அறிவிப்பு முதல் அறிக்கையிலேயே வந்தது. உடன்குடிப் பக்கத்துப் பனையேறிகளுக்கு அது ஒரு வழி. அடுத்த அறிக்கையில் 'அரசு விடுதிகளும் மருத்துவமனைகளும் காவல் குடியிருப்புகளும் அந்தந்த மாவட்டத்து விளைபொருளில் ஒரு பங்கை வாங்கும்' என்ற ஒரு வாக்கியம் வர வேண்டும் என்று நான் எழுதிக்கொண்டே இருப்பேன். அது சென்னையில் நடக்க வேண்டிய வேலை. உங்கள் பங்குக்கு இங்கே ஒரு வேலை இருக்கிறது.

மணிமுத்தாறு பேரூராட்சி என்பதால் உங்களுக்குக் கிராம சபை கிடையாது. ஆனால் உங்களோடு பெருங்காலில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள் ஜமீன் சிங்கம்பட்டியிலும் அயன் சிங்கம்பட்டியிலும் இருக்கிறார்கள், அவை ஊராட்சிகள். அவர்களைக் கொண்டு அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடச் சொல்லுங்கள். அதன் நகலோடு கலெக்டர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் பத்துப் பேராவது சேர்ந்து போங்கள். மனு ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். எந்த மாதம் எந்தப் பயிர், எத்தனை கிலோ, என்ன விலைக்குத் தர முடியும் என்று ஒரு அட்டவணை போடுங்கள். எந்த விடுதிக்கு, எந்த மருத்துவமனைக்கு, எந்தக் காவல் அணிக்கு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். முதல் வருஷம் ஒரே ஒரு விடுதிக்கு ஒரே ஒரு பொருள் போதும், வாழைக்காய் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏழு நாளில் பணம் என்ற நிபந்தனையை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். மனு கொடுத்ததும் ஒப்புகைச் சீட்டு வாங்கி, அதன் எண்ணை எனக்கும் எழுதி அனுப்புங்கள். அடுத்த மாதக் கூட்டத்தில் அந்த எண்ணைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்